லினக்ஸ் கணினியில் விண்டோஸ் மென்பொருள்கள்: மெய்நிகர் கணினி ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டு அவகாசம் உண்டு. விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2015, 2016-இல் வாங்கிய மடிக்கணினிகள் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தாலும் இந்த வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன.

இந்த நிலையில் பலரும் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடும். இணையத்தில் உலவ, மின்னஞ்சல் பார்க்க, குர்ஆன் ஓதக் கேட்க, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் தட்டச்சு செய்ய, லிப்ரே ஆஃபீஸில் கணக்குப் பார்க்க வேறெதுவும் தேவையில்லை. தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகளும் அதிலேயே கிடைக்கின்றன. ஆனால் மாறிய இரண்டாம் நாளே வீட்டில் ஒரு குரல் எழும்: "வாப்பாவோட டாலி எங்கே?"

டாலி மட்டுமல்ல. வீட்டில் ஆலிம் ஒருவர் இருந்தால் அவருக்கு மக்தபா ஷாமிலா வேண்டும். ஆயிரக்கணக்கான அரபு நூல்களைத் தேடிப் படிக்க உதவும் அந்த இலவச மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஜமாஅத்தின் பழைய மலர்களும் திருமண அழைப்பிதழ்களும் பேஜ்மேக்கர் கோப்புகளாகக் கிடக்கும். இப்படி ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று மென்பொருள்கள் விண்டோஸை விட்டு நகர மறுக்கும். அவற்றுக்காக முழுக் கணினியையும் மீண்டும் விண்டோஸுக்கே மாற்றிவிடுகிறவர்கள்தாம் அதிகம். அதுவும் பெரும்பாலும் கடைக்காரர் போட்டுக் கொடுக்கும் 'கிராக்' விண்டோஸுக்கு. அப்படிச் செய்யத் தேவையில்லை. லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸைத் தனியாக அடைத்து வைத்து, வேண்டும்போது மட்டும் திறந்து பயன்படுத்த வழி இருக்கிறது. அதுதான் மெய்நிகர் கணினி.

மெய்நிகர் கணினி என்றால் என்ன?

வீட்டின் ஒரு பகுதியைத் தடுத்துக் குடித்தனம் விடுவதில்லையா, அதைப் போன்றதுதான். குடியிருப்பவருக்குத் தனி வாசல், தனி அடுப்படி, தனி மீட்டர். அவர் பகுதிக்குள் எப்படி வேண்டுமானாலும் சாமான்களை மாற்றி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரின் அறைக்குள் மட்டும் நுழைய முடியாது. இங்கே வீட்டுக்காரர் லினக்ஸ், குடியிருப்பவர் விண்டோஸ்.

மெய்நிகராக்க மென்பொருள் உங்கள் கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதி, பிராசஸரில் ஒரு பங்கு, வன்தட்டில் ஒரு பெரிய கோப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒரு கணினியைப் போலவே பாவனை செய்கிறது. விண்டோஸ் அதைத் தனக்கென்று உள்ள முழுக் கணினியாகவே நம்பி, அதற்குள் தன்னை நிறுவிக்கொள்கிறது. நமக்கோ அது லினக்ஸ் திரையில் ஒரு சன்னல் மட்டும்தான். அந்தச் சன்னலை மூடினால் விண்டோஸும் மூடிவிடும்.

இது புதிய சிந்தனை அல்ல. 1960-களிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து காட்டியது. நம் மேசைக் கணினிகளுக்கு இது வந்தது 1999-இல், விஎம்வேர் நிறுவனத்தின் ஒர்க்ஸ்டேஷன் மென்பொருள் மூலம். 2005, 2006-இல் இன்டெலும் ஏஎம்டியும் தங்கள் பிராசஸர்களுக்குள்ளேயே இதற்கான வசதியை வைத்தன. அதன் பிறகுதான் வீட்டுக் கணினியிலும் இது தாராளமாக ஓடத் தொடங்கியது.

முதலில் ஒயினைச் சோதித்துப் பாருங்கள்

மெய்நிகர் கணினிக்குப் போகுமுன் ஒரு எளிய வழியை முயன்று பார்ப்பது நல்லது. அதன் பெயர் ஒயின். பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்! "ஒயின் ஈஸ் நாட் அன் எமுலேட்டர்" என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள்தாம் அவை. 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 1.0 பதிப்பை எட்ட 2008 வரை ஆனது. விண்டோஸே இல்லாமல், விண்டோஸ் மென்பொருள் எழுப்பும் கோரிக்கைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. விண்டோஸ் தேவையில்லை என்பதால் அதன் உரிமமும் தேவையில்லை. நினைவகமும் அதிகம் செலவாகாது.

சிறிய, பழைய மென்பொருள்கள் பல இதில் நன்றாக ஓடுகின்றன. பெரிய மென்பொருள்களில் பாதி ஓடும், பாதி தடுமாறும். அச்சிடும்போது எழுத்து மாறும், திடீரென்று மூடிக்கொள்ளும். வியாபாரக் கணக்கை இப்படி நிச்சயமில்லாத ஒன்றில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அகராதி, நாட்காட்டி போன்ற சிறு மென்பொருள்களுக்கு ஒயின் போதும். கணக்குக்கு மெய்நிகர் கணினிதான்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸில் மூன்று வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல்பாக்ஸ். இரண்டாவது, 2007 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம். இதை விர்ட்-மேனேஜர், நோம் பாக்ஸஸ் போன்ற மென்பொருள்கள் வழியாக இயக்கலாம். மூன்றாவது, விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ. இது 2024 முதல் இலவசம்.

வேகத்தில் கேவிஎம் முந்தும். ஆனால் விண்டோஸை நிறுவும்போதே அதற்கான விர்டியோ டிரைவர்களைத் தனியாகக் கொடுத்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். முதன்முறை செய்பவர்களுக்கு அது சற்றுக் குழப்பம் தரும். எனவே வீட்டில் முதலில் முயல்பவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸையே சொல்வேன். அதன் பட்டியல்கள் தெளிவாக உள்ளன. ஏதாவது சிக்கினால் விளக்கம் தேடுவதும் சுலபம். விர்ச்சுவல்பாக்ஸையும் கேவிஎம்மையும் ஒரே நேரத்தில் ஓட்ட முயல வேண்டாம். இரண்டும் பிராசஸரின் அதே வசதிக்குப் போட்டியிடும், ஒன்று பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும்.

விண்டோஸ் உரிமம்: இதைத் தாண்டிப் போக வேண்டாம்

இந்தப் பொருளில் எழுதப்படும் குறிப்புகள் பலவும் இந்த இடத்தைத் தொடாமல் போய்விடுகின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், லினக்ஸ் இலவசம். ஆனால் உள்ளே குடியேறும் விண்டோஸ் இலவசம் அல்ல. மெய்நிகர் கணினி என்பது விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தின் பார்வையில் இன்னொரு கணினி. நிஜக் கணினியோ மெய்நிகர் கணினியோ, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் வேண்டும்.

மடிக்கணினி வாங்கும்போதே விண்டோஸ் வந்தது என்று சொல்வோம். அப்படி நிறுவனமே போட்டுத் தரும் உரிமம் ஓஇஎம் உரிமம் எனப்படும். அது அந்த இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டது, அதைப் பெயர்த்தெடுத்து மெய்நிகர் கணினிக்குள் வைப்பது அதன் நோக்கம் அல்ல. கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கும் ரீட்டெயில் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். மெய்நிகர் கணினிக்கு அதுவே குழப்பமில்லாத வழி.

"ஐஎஸ்ஓ கோப்பைத்தான் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறதே?" என்று கேட்கலாம். தருகிறது. அது மென்பொருளின் பிரதி, பயன்படுத்தும் அனுமதி அல்ல. ஆக்டிவேட் செய்யாமலே விண்டோஸ் ஓடும் என்பதும், திரையின் மூலையில் ஒரு வாசகம் மட்டும் நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் முறையான சாவியால் ஆக்டிவேட் செய்யப்பட்டால் மட்டுமே பயன்படுத்த அனுமதி என்கிறது ஒப்பந்தம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகளின் கதையும் இதுதான். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவற்றிலிருந்து உதிரியாகப் பிரித்து விற்கப்படுபவை.

கம்பெனிக்காரன் கோடீஸ்வரன், அவனுக்கு என்ன நஷ்டம் என்ற பேச்சு நம் வீடுகளிலும் கேட்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் ஐந்தாவது அமர்வு இதைப் பற்றித் தெளிவாகவே தீர்மானித்திருக்கிறது. வணிகப் பெயர், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை இக்காலத்தில் மதிப்புள்ள சொத்துகள், ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறுவது கூடாது என்பது அந்தத் தீர்மானத்தின் சாரம். வாங்கியவர் யார், பணக்காரரா ஏழையா என்ற பேதம் அதில் இல்லை. தன் நிலை பற்றி மேலும் ஐயமுள்ளவர்கள் தமக்குத் தெரிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மார்க்கத்தை ஒருபுறம் வைத்தாலும், 'கிராக்' செய்யும் ஆக்டிவேட்டர்கள் முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். வீட்டுக் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவருக்குச் சாவிக்கொத்தைக் கொடுப்பது போன்றது அது. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும், பாஸ்போர்ட் நகலும், பிள்ளைகளின் புகைப்படங்களும் இருக்கின்றன.

பணம் கொடுத்து இன்னோர் உரிமம் வாங்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. மடிக்கணினியோடு வந்த முறையான விண்டோஸை அழிக்காமல், அதே வன்தட்டில் லினக்ஸையும் பக்கத்தில் நிறுவி, கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். டூயல் பூட் என்பார்கள். ஒவ்வொரு முறையும் மறுதுவக்கம் செய்ய வேண்டிய சிரமம் மட்டும்தான். வாரம் ஒருமுறை டாலி திறப்பவருக்கு இது போதும். மெய்நிகர் கணினி ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க மட்டும் விரும்பினால், மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பு ஒன்றைத் தருகிறது. அது சோதனைக்குத்தான், நிரந்தரப் பயன்பாட்டுக்கு அல்ல.

விர்ச்சுவல்பாக்ஸிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடிப்படை மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. வீடு, கடை, மதரஸா எங்கும் பயன்படுத்தலாம். ஆனால் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். வியாபாரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். முன்பு யூஎஸ்பி 2.0, 3.0 வேலை செய்வதற்கே அது தேவைப்பட்டதால், யோசிக்காமல் எல்லோரும் நிறுவினார்கள். 7.0 பதிப்பிலிருந்து அந்த வசதி அடிப்படை மென்பொருளுக்கே வந்துவிட்டது. கடைக் கணினியில் அந்தத் தொகுப்பைத் தொடாமலே இருக்கலாம்.

உங்கள் கணினி தாங்குமா?

இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் ஓடப்போகின்றன. அதனால் நினைவகம்தான் முதல் கேள்வி. 4 ஜிபி மட்டும் உள்ள கணினியில் விண்டோஸ் 10-ஐ உள்ளே வைத்தால் இரண்டுமே திணறும். 8 ஜிபி இருந்தால் பாதியை விண்டோஸுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுக்க வேண்டாம், வீட்டுக்காரருக்கு இடம் வேண்டும். பிராசஸரில் இரண்டு கோர் போதும். பழைய சுழலும் வன்தட்டு இருந்தால், வேறெதையும் மாற்றுவதற்கு முன் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுவிடுங்கள். செலவழித்ததற்கு உடனே பலன் தெரியும்.

அடுத்தது பயாஸ். கணினியை இயக்கும்போது பயாஸ் அமைப்புகளுக்குள் சென்று, இன்டெல் என்றால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்ற வசதி இயங்குநிலையில் உள்ளதா என்று பாருங்கள். பல மடிக்கணினிகளில் அதை அணைத்தே அனுப்பியிருப்பார்கள். 2019 இறுதியில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் இந்த வசதி இல்லாமல் மெய்நிகர் கணினி இயங்கவே இயங்காது. "என் கணினியில் ஓடவில்லை" என்று கைவிடுபவர்களில் பலர் இந்த ஒரு பொத்தானைப் பார்க்காதவர்கள்.

நிறுவும் முறை

லினக்ஸ் மின்ட்டிலும் உபுண்டுவிலும் மென்பொருள் மேலாளரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்று தேடி நிறுவிக்கொள்ளலாம். கணினியில் செக்யூர் பூட் இயங்கினால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதுவக்கம் செய்ததும் நீலத் திரை ஒன்று தோன்றி அதே கடவுச்சொல்லைக் கேட்கும். பயந்து தாண்டிவிட வேண்டாம், அங்கே சாவியைப் பதிவு செய்தால்தான் விர்ச்சுவல்பாக்ஸின் கெர்னல் பகுதி ஏறும். பிறகு பயனர்கள் மற்றும் குழுக்கள் பகுதியில் உங்கள் பெயரை வி-பாக்ஸ்-யூசர்ஸ் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாவிட்டால் பென்டிரைவும் பிரிண்டரும் விண்டோஸுக்குத் தெரியாது.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, உங்கள் உரிமத்துக்கு ஏற்ற விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். வேறு தளங்களில் 'லைட்' என்றும் 'மாடிஃபைட்' என்றும் கிடைப்பவற்றைத் தொட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி ஒன்றை உருவாக்கி, அந்தக் கோப்பைக் காட்டுங்கள். அங்கே தானியங்கி நிறுவலைத் தவிர்க்கும் ஒரு தேர்வுப்பெட்டி இருக்கும், அதை டிக் செய்துவிடுங்கள். தானியங்கி நிறுவல் சில நேரங்களில் உரிம விதிகளைக் காணவில்லை என்று சொல்லி நடுவழியில் நின்றுவிடும். நாமே அடியெடுத்து நிறுவுவது நிம்மதி.

வன்தட்டு அளவைக் கேட்கும்போது 64 ஜிபி கொடுங்கள். தேவைக்கேற்ப வளரும் வகையைத் தேர்ந்தால், உள்ளே நிரம்ப நிரம்பத்தான் கோப்பு பெரிதாகும். விண்டோஸ் 11 நிறுவுபவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் பயன்படுத்தினால், டிபிஎம் 2.0-ஐயும் அதுவே பாவனை செய்து கொடுத்துவிடும்.

விண்டோஸ் நிறுவி முடிந்ததும் முதல் வேலையாக, மேலே உள்ள சாதனங்கள் பட்டியலிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் குறுவட்டைச் செருகச் சொல்லி, உள்ளே அதை நிறுவுங்கள். அதற்குப் பிறகுதான் திரை முழு அளவுக்கு விரியும், லினக்ஸில் நகலெடுத்ததை விண்டோஸில் ஒட்டலாம், இரண்டுக்கும் பொதுவான கோப்புறை வைக்கலாம். வலதுபுற கன்ட்ரோல் விசையோடு எல் விசையை அழுத்தினால் விண்டோஸின் பின்புலம் மறைந்து, அதன் மென்பொருள் மட்டும் லினக்ஸ் மென்பொருள்களுக்கு நடுவே நிற்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிடுகிறது. தான் எந்த இயங்குதளத்தில் இருக்கிறோம் என்ற கவலையே அவர்களுக்கு இல்லை.

இணையத்தைத் துண்டித்துவிடுங்கள்

புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸை ஏன் இப்படி உள்ளே வைத்துப் பயன்படுத்தலாம் என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது. விண்டோஸை ஆக்டிவேட் செய்து, இருக்கும் புதுப்பிப்புகளையெல்லாம் ஏற்றி, தேவையான மென்பொருளையும் நிறுவிய பிறகு, மெய்நிகர் கணினியை அணைத்து அதன் நெட்வொர்க் அமைப்புக்குச் செல்லுங்கள். அங்கே அடாப்டரை இயக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி அந்த விண்டோஸுக்கு இணையம் கிடையாது. ஷாமிலாவுக்கும் பேஜ்மேக்கருக்கும் இணையம் எதற்கு? பிரவுசர், மின்னஞ்சல், வங்கி எல்லாம் லினக்ஸில், நூல் தேடலும் பக்க வடிவமைப்பும் உள்ளே.

நிஜக் கணினியில் விண்டோஸ் 7-ஐ இன்று இணையத்தோடு ஓட்டுவதை ஆபத்து என்றே சொல்வேன். அதற்கான பாதுகாப்பு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதே விண்டோஸ் 7, இணையமில்லாத மெய்நிகர் அறைக்குள் ஓடினால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பொதுக் கோப்புறை ஒரு சன்னல் என்பதை மறக்க வேண்டாம். உள்ளே வைரஸ் இருந்தால் அதன் வழியே வெளியே வரும். உங்கள் ஹோம் கோப்புறை முழுவதையும் பகிராமல், அதற்கென்றே வெறுமையான ஒரு கோப்புறையை உருவாக்கி அதை மட்டும் பகிருங்கள்.

ஜிஎஸ்டி வேலைகளுக்காக டாலிக்கு இணையம் தேவைப்படுபவர்கள் இப்படித் துண்டிக்க முடியாது. அவர்கள் புதுப்பிப்பு இன்னும் கிடைக்கும் விண்டோஸையே உள்ளே வைக்க வேண்டும்.

டாலி வைத்திருப்பவர்களுக்கு

பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன் டாலிக்குள் சென்று உரிமத்தைச் சரண்டர் செய்துவிடுங்கள். இதை மறந்து வன்தட்டை அழித்துவிட்டு, பிறகு புதிய இடத்தில் ஆக்டிவேட் ஆகவில்லை என்று அலைபவர்கள் உண்டு. அந்த உரிமம் கணினியின் அமைப்போடு இணைக்கப்பட்டது. அதனால் மெய்நிகர் கணினியில் ஆக்டிவேட் செய்த பிறகு அதன் அமைப்புகளை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட் என்ற அருமையான வசதி இருக்கிறது. மெய்நிகர் கணினி இப்போது இருக்கும் நிலையை அப்படியே பதிந்து வைத்து, நாளை ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பலாம். புதிய மென்பொருள் நிறுவுமுன் ஒன்று எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் கணக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். ரமலானுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு ஷவ்வாலில் திரும்பினால், விண்டோஸ் மட்டுமல்ல, டாலியும் ஷஅபானுக்குத் திரும்பிவிடும். இடையில் போட்ட பில்கள், பெருநாள் வியாபாரம் முழுவதும், அதை வைத்துப் பார்த்த ஜகாத் கணக்கு எல்லாம் போய்விடும். எனவே நாள்தோறும் டாலியிலேயே பேக்கப் எடுத்து, அதைப் பொதுக் கோப்புறையில் வைத்து, அங்கிருந்து ஒரு பென்டிரைவுக்கும் நகலெடுங்கள். ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள் அதைச் செருகிவிட்டு, சாதனங்கள் பட்டியலில் யூஎஸ்பி பகுதியில் அதைத் தேர்ந்தால் விண்டோஸுக்குப் போய்விடும். அப்போது லினக்ஸுக்கு அது தெரியாது. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். லினக்ஸில் டிரைவர் கிடைக்காத பழைய பிரிண்டருக்கும் இதே வழி.

பழைய பேஜ்மேக்கர் மலர்கள்

நம் சமுதாயத்தில் இது பெரிய புதையல். எத்தனையோ பள்ளிவாசல் மலர்கள், மதரஸா ஆண்டறிக்கைகள், ஊர் வரலாறுகள், மறைந்த ஆலிம்களின் உரைத் தொகுப்புகள் பேஜ்மேக்கரில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டுக் குறுவட்டுகளில் உறங்குகின்றன. அடோபி நிறுவனம் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பான 7.0-ஐ வெளியிட்டது 2001-இல். அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள். இன்றைய கணினிகளில் அதை நம்பி வேலை செய்ய முடியாது.

லினக்ஸிலுள்ள லிப்ரே ஆஃபீஸ் டிரா, ஸ்கிரைபஸ் ஆகிய இரண்டும் பேஜ்மேக்கர் கோப்புகளை ஓரளவு திறந்து காட்டும். முதலில் அதை முயலலாம். படங்கள் இடம் மாறும், வரிகள் உடையும், ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கம் அச்சானபடியே வேண்டுமென்றால், முறையான உரிமமுள்ள எக்ஸ்பி அல்லது 32-பிட் விண்டோஸ் 7 குறுவட்டும், அசல் பேஜ்மேக்கர் குறுவட்டும் வைத்திருக்கும் அச்சகத்தாரோ பழைய ஆசிரியரோ ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எக்ஸ்பிக்கு 1 ஜிபி நினைவகமே தாராளம். பேஜ்மேக்கரோடு அந்தக் கோப்பில் பயன்படுத்திய எழுத்துருக்களையும் நிறுவ வேண்டும். இல்லையென்றால் தமிழுக்குப் பதிலாக வெறும் ஆங்கில எழுத்துக் குவியலைத்தான் காண்பீர்கள். எழுத்துரு எது என்று தெரியாவிட்டால், கோப்பைத் திறக்கும்போது இல்லாத எழுத்துருவின் பெயரைப் பேஜ்மேக்கரே சொல்லும். அதைக் குறித்துக்கொண்டு தேடுங்கள்.

திறந்ததும் இரண்டு வேலை. பக்கங்களை அப்படியே பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு எழுத்தை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதுவும் விண்டோஸ் மென்பொருள்தான், அதே மெய்நிகர் கணினிக்குள் நிறுவிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். அரபுச் சொற்களும் வசனங்களும் வேறு எழுத்துருவில் இருந்திருக்கும், அவை முற்றிலும் சிதைந்து வரும். குர்ஆன் வசனங்களை மாற்றி வந்த எழுத்திலிருந்து எடுக்காமல், சரிபார்க்கப்பட்ட மூலத்திலிருந்து புதிதாக இடுங்கள்.

எதற்குச் சரிவராது?

வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, பெரிய விளையாட்டுகள் இவற்றுக்கெல்லாம் மெய்நிகர் கணினி ஏற்றதல்ல. கிராஃபிக்ஸ் அட்டையின் முழு பலம் உள்ளே போய்ச் சேராது. பிள்ளைகளின் விளையாட்டுகளுக்கு லினக்ஸில் ஸ்டீமும், ஒயினை அடிப்படையாகக் கொண்ட அதன் புரோட்டானும் இருக்கின்றன.

கல்லூரி மாணவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து எழுதும் ஆன்லைன் தேர்வுகளுக்கான கண்காணிப்பு மென்பொருள்கள் பலவும், தாம் மெய்நிகர் கணினிக்குள் இருப்பதைக் கண்டறிந்தால் இயங்க மறுக்கும். தேர்வு நாள் காலையில் இதைத் தெரிந்துகொண்டால் கைமீறிவிடும். அதை மறைத்து ஓட்டும் தந்திரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை தேர்வு விதியை மீறுவதில்தான் போய் முடியும். தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் விண்டோஸை முழுவதுமாக அழிக்காமல் டூயல் பூட் வைத்துக்கொள்வது நல்லது.

கெர்னல் புதுப்பிப்பு வந்த மறுநாள் விர்ச்சுவல்பாக்ஸ் திறக்கவில்லையென்றால் பதற வேண்டாம். அதன் கெர்னல் பகுதி புதிய கெர்னலுக்கு இன்னும் கட்டப்பட்டிருக்காது. கணினி துவங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போனால் வழக்கம்போல் ஓடும், விர்ச்சுவல்பாக்ஸின் புதுப்பிப்பு வரும்வரை அப்படியே சமாளிக்கலாம். மெய்நிகர் கணினி முழுவதும் ஒரே கோப்புறைக்குள் இருப்பதால், விண்டோஸை முறையாக அணைத்துவிட்டு அந்தக் கோப்புறையை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்து வைத்தால், நாளை வேறு கணினி வாங்கினாலும் இயங்குதளத்தையும் மென்பொருளையும் முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்காது. ஆக்டிவேஷனை மட்டும் மீண்டும் ஒருமுறை கேட்கக்கூடும். நகலெடுக்கும்போது சன்னலை மூடி 'நிலையைச் சேமி' என்று கொடுத்தால் போதாது. உள்ளே ஷட் டவுன் ஆகியிருக்க வேண்டும்.